சூடு பிடித்தால் மெடிக்கலா, கிட்டா, ஊசியா? வெட்டைக் கிருமியின் பக்கமிருந்து ஒரு கணக்கு

"ணா, சூடு புடிச்சிக்கிச்சு, எதனா குடுணா." தண்டையார்பேட்டையில் மெடிக்கல் வைத்திருக்கும் என் நண்பன் கடையில் சாயங்காலம் ஒரு மணி நேரம் நின்றால் இதை ஒரு தடவையாவது கேட்கலாம். வெயிலில் தண்ணீர் குடிக்காமல் லோடு ஏற்றி நிஜமாகவே நீர்க்கடுப்பு வந்தவர்களும் அதில் உண்டு. ஆனால் குரலைத் தாழ்த்தி, பக்கத்தில் நிற்கும் அக்கா பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு போகிற வரை காத்திருந்து கேட்கிறவர்களுக்குப் பெரும்பாலும் சூடு மட்டும் இல்லை, சீழும் வடியும். ஊர்ப்பக்கம் வெட்டை என்பார்கள், டாக்டர்கள் கொனோரியா என்பார்கள். நண்பன் ஒன்றும் கேட்க மாட்டான். சிப்ரோ (சிப்ரோஃப்ளோக்சசின் என்ற ஆன்டிபயாடிக்) ஒரு அட்டை, இல்லையென்றால் செஃபிக்சிமும் ஓஃப்ளோக்சசினும் சேர்ந்த மாத்திரை ஆறு, கூடவே கடுப்புக்கு ஒரு சிரப். இருநூறு ரூபாய்க்குள் விஷயம் முடிந்துவிடும்.

முடிந்துவிடும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். போன மாதம் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பார்க்கும் ஒரு தம்பி (ஆளைத் தெரியாதபடி ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன்) மூன்று நாள் மோர், இளநீர், ஊறவைத்த வெந்தயம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கடைக்கு வந்திருக்கிறான். ஒரு வருடம் முன்னால் இதே கடையில் இதே பிரச்சினைக்கு சிப்ரோ வாங்கிப் போட்டவன். அப்போது மருந்து கேட்கவே இல்லை, சீழ் பல வாரம் வடிந்து ஒருவழியாக நின்றது. இந்தத் தடவை நண்பனுக்கே கை வரவில்லை. "நீ லேப்ல தான இருக்க, நீயே பேசு" என்று எனக்கு போன் போட்டுக் கொடுத்துவிட்டான்.

தம்பி முன்னால் இருந்த வழிகள் நான்கு. கடையில் மாத்திரை. அரசு மையத்தில் இலவசமாகக் கிடைக்கும் சாம்பல் நிறக் கிட். முதலில் ஸ்வாப் எடுத்து, அதாவது பஞ்சுக் குச்சியில் சீழைத் தொட்டெடுத்து, லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் போட்டுவிட்டு ஊசி. இல்லையென்றால் பெரிய லேப்களில் சில ஆயிரம் ரூபாய்க்கு எடுக்கும், கிருமியின் டி.என்.ஏவைத் தேடும் பிசிஆர் பேனல். ஐந்தாவதாக ஒன்று உண்டு, ரயில்வே சுவர் முழுக்க ஒட்டியிருக்கிற, மாதத்தில் இரண்டு நாள் லாட்ஜில் வந்து உட்காரும் வைத்தியர். அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

நான் டாக்டர் இல்லை. ராயபுரம் பக்கம் பதினாறு வருடமாக லேப் டெக்னீசியன், அதில் பெரும்பகுதி நுண்ணுயிரியல் மேசையில். அதனால் எனக்கு இந்த நான்கு வழியையும் கிருமியின் பக்கமிருந்துதான் பார்க்கத் தெரியும்: அதன் ஜீனில் என்ன மாறியிருக்கிறது, அந்த மாற்றத்தின் முன்னால் எந்த மருந்து நிற்கும், எது நிற்காது. டீக்கடையில் நின்றுகொண்டு தம்பியிடம் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கிருமியைப் பற்றிக் கொஞ்சம். பெயர் நெய்சீரியா கொனோரியே, 1879-இல் ஆல்பர்ட் நெய்சர் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். சீழை ஒரு கண்ணாடித் தகட்டில் தேய்த்து, கிராம் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தால், காப்பிக்கொட்டை இரண்டை முகத்தோடு முகம் சேர்த்து வைத்த மாதிரி இளஞ்சிவப்பாக ஜோடி ஜோடியாகத் தெரியும், அதுவும் சீழ்ச் செல்களுக்குள்ளேயே. பார்க்க ரொம்ப சாது. மேசையில் வைத்தால் சீக்கிரம் செத்துப்போகும், குளிர் ஆகாது, காய்ந்தால் ஆகாது. இவ்வளவு நோஞ்சான் கிருமி எப்படி எண்பது வருடமாக எல்லா மருந்தையும் ஒன்றொன்றாக ஜெயித்துக்கொண்டு வருகிறது என்றால், அதற்குத் திருட்டுக் கை. பக்கத்தில் செத்து உடைந்த பாக்டீரியாவின் டி.என்.ஏ துண்டு மிதந்தால் உறிஞ்சி எடுத்துத் தன் டி.என்.ஏவில் ஒட்டிக்கொள்ளும். மற்ற பல பாக்டீரியாக்களுக்கு இது எப்போதாவதுதான் வரும், இதற்கு வாழ்நாள் முழுக்க. எதை வேண்டுமானாலும் எடுத்துவிடாது, பத்து எழுத்து கொண்ட ஒரு அடையாளம் இருக்கிற துண்டைத்தான் விரும்பி எடுக்கும், அந்த அடையாளம் அதன் சொந்தக்காரக் கிருமிகளிடம் நிறைய உண்டு. அந்தச் சொந்தக்காரர்கள் எங்கே குடியிருக்கிறார்கள்? நம் எல்லோர் தொண்டையிலும். ஒரு கெடுதலும் செய்யாத சாதுவான நெய்சீரியாக்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

சரி, கடை மாத்திரை. சிப்ரோவிலிருந்து ஆரம்பிக்கலாம், ஏனென்றால் இதில் கணக்கு ரொம்பச் சுலபம்.

டி.என்.ஏவை பிரதி எடுக்கும்போது அது முறுக்கிக்கொள்ளும், காசிமேட்டில் தடித்த கயிற்றைப் பிரிக்கிறவர்களைப் பார்த்திருந்தால் தெரியும், இந்தப் பக்கம் பிரிக்கப் பிரிக்க அந்தப் பக்கம் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். அந்த முறுக்கை வெட்டி, எடுத்து, மறுபடி ஒட்டுகிற வேலைக்காரனுக்கு ஜைரேஸ் என்று பெயர். சிப்ரோ போய் வெட்டிய நிலையிலேயே அதைப் பிடித்து நிறுத்திவிடும், ஒட்ட விடாது, கிருமி சாகும். அந்தப் பிடி ஜைர்-ஏ என்ற ஜீன் செய்யும் புரதத்தில் 91-ஆவது இடத்தில் இருக்கும் சீரின் என்ற அமினோ அமிலத்தை நம்பி இருக்கிறது. ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறினால் அந்த இடத்தில் சீரின் போய் ஃபினைல்அலனின் வந்து உட்காரும். சிப்ரோவுக்குப் பிடி வழுக்கிவிடும். 95-ஆவது இடமும், பார்-சி என்ற இன்னொரு ஜீனும் மாறினால் முழுக்க முடிந்தது, எவ்வளவு சிப்ரோ போட்டாலும் கிருமி கண்டுகொள்ளாது.

இந்தியாவில் பரிசோதித்த வெட்டைக் கிருமிகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இப்படித்தான் இருக்கின்றன. நான் என் கண்ணால் பார்த்த கல்ச்சர் தட்டுகளில் சிப்ரோ வில்லையைச் சுற்றி வெற்றிடம் (மருந்து கேட்டுக் கிருமி வளராத வட்டம்) விழுந்ததை விரல் விட்டு எண்ணிவிடலாம். சிலர் கேட்பார்கள், கொஞ்ச வருடம் சிப்ரோவை நிறுத்தி வைத்தால் பழையபடி வேலை செய்யாதா என்று. அமெரிக்கா 2007-இல் வெட்டைக்கு சிப்ரோவை நிறுத்தியது. 2019-இல் பார்த்தால் அங்கே கிருமிகளில் மூன்றில் ஒரு பங்கு சிப்ரோவுக்குக் கட்டுப்படவில்லை, குறையவே இல்லை. காரணம், இந்த மாற்றத்தைச் சுமப்பதால் கிருமிக்குப் பெரிய நஷ்டம் எதுவும் இல்லை. எலிகளில் செய்த சோதனையில் மாறிய ஜைர்-ஏ உள்ள கிருமி மற்றதை முந்திக்கொண்டு வளர்ந்திருக்கிறது. ஆக சுமை இல்லாத மூட்டையை அது ஏன் இறக்கி வைக்கப் போகிறது?

அடுத்து, செஃபிக்சிம் 200, ஓஃப்ளோக்சசின் 200 சேர்ந்த மாத்திரை. "ரெண்டு மருந்து இருக்கு, ஒன்னு விட்டா ஒன்னு புடிக்கும்" என்பது நண்பனின் தர்க்கம். ஓஃப்ளோக்சசின் சிப்ரோவின் தம்பி, பிடிக்கும் இடம் அதே ஜைர்-ஏ, அதனால் அதுவும் வழுக்கும். மிச்சம் செஃபிக்சிம் மட்டும் தனியாக நிற்கும், அதுவும் வேளைக்கு 200 மில்லிகிராம், டைபாய்டுக்குக் கொடுக்கிற மாதிரி காலை ஒன்று, இரவு ஒன்று. வெட்டைக்கு வேண்டியது ஒரே அடியில் முழு அளவு. குறைந்த அளவை இழுத்து இழுத்துக் கொடுத்தால் சாகிறது சாகும், கொஞ்சம் தாங்குகிற கிருமி மட்டும் தேறி நிற்கும். செஃபிக்சிம் முதலில் கை விரித்த இடம் ஜப்பான், அங்கே வாய் வழி செஃபலோஸ்போரின்களை (செஃபிக்சிமின் குடும்ப மருந்துகளை) குறைந்த அளவில் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், 2014 மார்ச்சிலிருந்து செஃபிக்சிம் எச்1 பட்டியலில் இருக்கிறது, சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்ததைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நண்பன் கடையிலும் பதிவேடு இருக்கிறது. அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கடை மாத்திரையில் இன்னொரு கெடுதலும் உண்டு, என்னைக் கேட்டால் அதுதான் பெரியது. பாதி வேலை செய்த மருந்து சீழைக் குறைத்துவிடும், கிருமி உள்ளேயே இருக்கும். ஆள் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குப் போவான். பெண்களுக்கு வெட்டை பெரும்பாலும் வெளியே தெரிவதே இல்லை, தெரியாமலேயே கருக்குழாய் வரை போய் அடைத்துவிடும். அப்புறம் குழந்தை இல்லை என்று மாங்காட்டுக்கும் திருவேற்காட்டுக்கும் நடக்கிறபோது யாரும் இந்த ஆறு மாத்திரையை நினைக்க மாட்டார்கள்.

இப்போது சாம்பல் கிட். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு பால்வினை நோய்களுக்கு அறிகுறியை வைத்தே மருந்து கொடுக்க ஏழு நிறத்தில் கிட் போட்டு வைத்திருக்கிறது, புண்ணுக்கு வெள்ளை, அக்கிக்கு சிவப்பு என்று. ஆணுக்குச் சீழ் வடிந்தால் சாம்பல். உள்ளே அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம், ஒரே வேளையில் கண் முன்னால் விழுங்க வேண்டும். காசு கிடையாது, டெஸ்டுக்குக் காத்திருக்க வேண்டாம், வீட்டில் இருப்பவருக்கும் சேர்த்துத் தருவார்கள். கடை மாத்திரையோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அளவு முழுசு, சிப்ரோ குடும்பம் இல்லை, சேர்ந்தே இருக்கக்கூடிய கிளமிடியா என்ற வேறொரு பால்வினைக் கிருமியையும் அசித்ரோ பார்த்துக்கொள்ளும். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது என்கிறவர்களுக்கு நான் யோசிக்காமல் இதைச் சொல்வேன்.

ஆனாலும் இது என் முதல் தேர்வு இல்லை. காரணம் இரண்டு ஜீன்கள்.

ஒன்று அசித்ரோ சம்பந்தப்பட்டது. கிருமி புரதம் செய்யும் ரைபோசோமில் போய் அடைத்துக்கொள்வதுதான் அசித்ரோவின் வேலை. அது உட்காரும் இடம் 23எஸ் ஆர்.என்.ஏவில் இருக்கிறது, அங்கே ஒரு எழுத்து மாறினால் உட்கார முடியாது. வேடிக்கை என்னவென்றால் வெட்டைக் கிருமியிடம் இந்த ஜீன் நான்கு பிரதி இருக்கிறது. ஒரு பிரதி மாறினால் பெரிதாக ஒன்றும் ஆகாது, மீதி மூன்றும் அசித்ரோவுக்கு இடம் கொடுக்கும். ஆனால் மருந்து கொடுத்துக்கொண்டே இருந்தால், மாறிய பிரதியைப் பார்த்து மற்றவற்றையும் கிருமி திருத்தி எழுதிக்கொள்ளும், நான்கும் மாறிய பிறகு எவ்வளவு அசித்ரோ ஊற்றினாலும் பயனில்லை. 2014 கடைசியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் அப்படிப்பட்ட கிருமி பரவ ஆரம்பித்தது. இதோடு ஒப்பிட, மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம் என்று இன்னொரு பால்வினைக் கிருமி இருக்கிறது, அதனிடம் ஒரே ஒரு பிரதிதான். ஒரு எழுத்துப் பிழை போதும், அசித்ரோ காலி. அதனால்தான் ஒரு வேளை 1 கிராம் அசித்ரோ கொடுத்த இடத்திலெல்லாம் அது வேகமாகப் பழகிக்கொண்டது. சிபிலிஸ் கிருமிக்கு இரண்டு பிரதி, அதுவும் அசித்ரோவிடம் தப்பக் கற்றுக்கொண்டுவிட்டது, ஆனால் பென்சிலினிடம் மட்டும் இத்தனை வருடமாக அடங்கிப்போகிறது. ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு ஜாதகம்.

நான்கு பிரதியையும் மாற்றாமலேயே வெட்டைக் கிருமிக்கு இன்னொரு வழி உண்டு. அதன் சுவரில் எம்டிஆர் என்ற பம்ப் இருக்கிறது, உள்ளே வரும் மருந்தை வெளியே இறைத்துவிடும். சாதாரணமாக ஒரு காவலாளி அந்த பம்பை அடக்கி வைத்திருப்பான். அந்தக் காவலாளியின் ஜீனுக்கு முன்னால் ஒரு எழுத்து உதிர்ந்துவிட்டால் பம்ப் நிற்காமல் ஓடும், மழைக்காலத்தில் கொருக்குப்பேட்டை சுரங்கப்பாதையில் வைக்கிற மோட்டார் மாதிரி. அசித்ரோவுக்கும் பென்சிலினுக்கும் சேர்த்து இறைக்கும். இந்த பம்பின் ஜீனையே தொண்டையில் இருக்கும் சாதுவான சொந்தக்காரர்களிடமிருந்து வாங்கி ஒட்டிக்கொண்ட கிருமிகளும் உண்டு. இங்கேதான் எனக்கு வயிறு எரியும். கொரோனா சமயத்தில் நம் தெருவில் அசித்ரோ 500 போடாத வீடு எது? இருமலுக்குப் போட்ட அசித்ரோ உடம்பில் நாள் கணக்கில் தங்கி, தொண்டையில் இருக்கிற அந்த அப்பாவிக் கிருமிகளுக்குப் பயிற்சி கொடுக்கும். பயிற்சி எடுத்த பாடத்தை அவை யாருக்குக் கடன் கொடுக்கும் என்று முன்னாலேயே சொன்னேன். அமெரிக்கா 2020 டிசம்பரில் வெட்டைக்கான முதல் சிகிச்சையிலிருந்து அசித்ரோவை எடுத்துவிட்டது, இங்கிலாந்து அதற்கும் முன்னால். இங்கே அசித்ரோ இன்னும் பெரும்பாலும் கேட்கிறது, எத்தனை நாளுக்கு என்பதுதான் கேள்வி.

இரண்டாவது பென்-ஏ. செஃபிக்சிம், ஊசியாகப் போடும் செஃப்ட்ரியாக்ஸோன், பழைய பென்சிலின் எல்லாமே கிருமியின் சுவர் கட்டும் கொத்தனாரைப் பிடிக்கிறவை, அந்தக் கொத்தனாரின் ஜீன் பென்-ஏ. பென்சிலினை ஜெயிக்கக் கிருமி இரண்டு வேலை செய்தது. கொத்தனாரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றியது ஒன்று. 1976-இல் பென்சிலினையே வெட்டிப்போடும் நொதியின் ஜீனை ஒரு பிளாஸ்மிட்டில், அதாவது கையடக்க டி.என்.ஏ வளையத்தில், வாங்கிக்கொண்டு வந்து நின்றது இன்னொன்று. எங்கள் மேசையில் அதைப் பார்க்க ஒரு மஞ்சள் வில்லை இருக்கிறது. கிருமியை அதில் தடவினால் நொதி இருக்கிற கிருமிக்கு சில நிமிடத்தில் மஞ்சள் சிவப்பாகும், மஞ்சளில் சுண்ணாம்பு பட்ட மாதிரி. முதல் தடவை பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, இப்போதும் கொஞ்சம் சிலிர்க்கும்.

ஆனால் அந்த நொதியால் செஃபிக்சிமையோ செஃப்ட்ரியாக்ஸோனையோ வெட்ட முடியவில்லை. அதனால் கிருமி கொத்தனாரையே மாற்ற வேண்டி வந்தது, அதற்கு ஒவ்வொரு எழுத்தாகக் காத்திருக்காமல் தொண்டைச் சொந்தக்காரர்களின் பென்-ஏவிலிருந்து துண்டு துண்டாக எடுத்து ஒட்டுப்போட்ட ஒரு ஜீனைச் செய்துகொண்டது. ஒரே தாவலில் அறுபது அமினோ அமிலம் அளவுக்கு மாறிவிட்ட கொத்தனார். இப்படி ஒட்டுப்போட்ட பென்-ஏ முதலில் கெடுப்பது செஃபிக்சிமைத்தான், ஊசியை அவ்வளவாக இல்லை. வாய் வழியாகப் போகும் செஃபிக்சிம் 400-க்கு மேல் கொடுத்துப் பழக்கம் குறைவு, இரத்தத்தில் அதன் அளவும் ஊசி அளவுக்கு ஏறி நிற்காது, தொண்டையில் இன்னும் மோசம். ஜப்பானுக்கு அப்புறம் நார்வே, இங்கிலாந்து, கனடா என்று செஃபிக்சிம் கேட்காத ஆட்கள் வர ஆரம்பித்ததும் 2012 ஆகஸ்டில் அமெரிக்கா அதை முதல் வரிசையிலிருந்து கீழே இறக்கியது. சாம்பல் கிட்டின் பலவீனம் இதுதான், ஒரு கால் அசித்ரோ, ஒரு கால் செஃபிக்சிம், இரண்டு காலுக்கும் கீழே மண் அரித்துக்கொண்டிருக்கிறது.

ஊசிக்கும் பிரச்சினையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2009-இல் ஜப்பானின் கியோத்தோவில் ஒரு பெண்ணின் தொண்டையில் செஃப்ட்ரியாக்ஸோனுக்கே நன்றாகத் தாங்குகிற கிருமி கிடைத்தது (மறுபடியும் தொண்டை). அது அங்கேயே அடங்கிவிட்டது, ஒட்டுப்போட்ட கொத்தனார் வேலையில் மந்தமோ என்னவோ. ஆனால் 2015-இல் அதே நாட்டில் பிடிபட்ட எஃப்சி428 என்ற வகை அடங்கவில்லை, வேறு வேறு நாடுகளில் தலைகாட்டியது. 2018-இல் தென்கிழக்கு ஆசியாவில் தொற்று வாங்கி இங்கிலாந்து திரும்பிய ஒருவருக்கு ஊசியும் கேட்கவில்லை, அசித்ரோவும் கேட்கவில்லை, எர்டாபெனம் ஏற்றித்தான் குணமாக்கினார்கள். எர்டாபெனம் ஐ.சி.யூவில் பார்க்கிற மருந்து, சூடு பிடித்ததுக்குப் போடுகிற மருந்தா அது?

இருந்தும் நம் ஊரில் பெரும்பாலான வெட்டைக் கிருமிகள் இன்னும் செஃப்ட்ரியாக்ஸோனுக்கு அடங்குகின்றன. ஒரே ஊசி, இடுப்பில், லிக்னோகெயினில் கலந்து போட்டால் வலி குறையும். அமெரிக்காவில் 500 மில்லிகிராம், இங்கிலாந்தில் 1 கிராம், உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்வார். பென்சிலின் அலர்ஜி ஏதாவது இருந்தால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கிளமிடியாவும் இருக்கலாம் என்று தோன்றினால் அசித்ரோவுக்குப் பதில் டாக்ஸிசைக்ளின் ஏழு நாள் எழுதுகிற டாக்டரைப் பார்த்தால் எனக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு.

ஊசி மட்டும் போதாதா, கல்ச்சர் எதற்கு என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. அவனைப் பொறுத்தவரை நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேல் ஊசி மட்டுமே போதும். கல்ச்சர், ஊசி கேட்காத அந்த ஓரிருவருக்காக. ஊசி போட்டு ஒரு வாரம் கழித்தும் சீழ் நிற்கவில்லை என்றால் கையில் ரிப்போர்ட் இருந்தால் அடுத்த மருந்து எது என்று தெரியும், இல்லையென்றால் இருட்டில் துழாவ வேண்டும். அதுவும் அவன் மாதிரி முன்னாலேயே ஒரு தடவை மருந்து கேட்காமல் போனவனுக்கு நான் கல்ச்சர் இல்லாமல் விடவே மாட்டேன். ஒரே ஒரு கண்டிஷன்: ஸ்வாப் முதலில், மருந்து அப்புறம். ஒரு மாத்திரை உள்ளே போய்விட்டால்கூடக் கிருமி வளராமல் போகலாம், நெகட்டிவ் என்று வரும் ரிப்போர்ட் பொய் சொல்லும்.

பொய் சொல்ல வைத்த பாவம் எனக்கும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சனிக்கிழமை மாலை வந்த ஒரு ஸ்வாப்பை, திங்கட்கிழமை போட்டுக்கொள்ளலாம் என்று மற்ற சாம்பிள்களோடு பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போனேன். மற்ற கிருமிகளுக்கு பிரிட்ஜ் நல்லது, இதற்குக் குளிர் எமன். ஸ்மியரில் (கண்ணாடித் தகட்டில் தேய்த்ததில்) காப்பிக்கொட்டை அத்தனை தெரிந்தது, தட்டில் ஒன்று கூட வளரவில்லை. சீனியர் ஒருவர் திட்டவில்லை, தட்டை என் மேசையிலேயே இரண்டு நாள் வைத்துவிட்டுப் போனார்.

சரியாகச் செய்தால் அது பெரிய கம்பசூத்திரமும் இல்லை. இரத்தத்தைச் சூடாக்கிச் சேர்ப்பதால் சாக்லேட் நிறத்தில் இருக்கும் அகார் தட்டில் உடனே தேய்த்து, கண்ணாடி ஜாடிக்குள் அடுக்கி, ஒரு சின்ன மெழுகுவர்த்தியை ஏற்றி மூடியை இறுக்கி விடுவோம். மெழுகுவர்த்தி தானாக அணையும்போது உள்ளே கிருமிக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு சேர்ந்திருக்கும். லட்ச ரூபாய் இன்குபேட்டர் இருக்கிற இடத்திலும் நான் இந்த ஜாடியைத்தான் நம்புவேன். ஒன்றிரண்டு நாளில் சாம்பல் நிறத்தில் பனித்துளி மாதிரி வளரும், அப்புறம் மருந்து வில்லைகளை வைத்து எதைச் சுற்றி வெற்றிடம் விழுகிறது என்று அளப்போம். ஜீனில் என்ன மாற்றம் என்று அந்த வட்டம் சொல்லாது, ஆனால் எந்த மாற்றமாக இருந்தாலும் மருந்து கேட்குமா கேட்காதா என்பதைச் சொல்லிவிடும்.

பிசிஆர் பேனல் சரியாக இதற்கு நேர் எதிர். கிருமி இருக்கிறதா என்பதை அபாரமாகச் சொல்லும், சிறுநீர் போதும், அறிகுறி இல்லாத பெண்களிடமும் பிடிக்கும், கிளமிடியா, மைக்கோபிளாஸ்மா எல்லாம் சேர்த்துப் பார்க்கும். ஆனால் அந்தக் காசுக்கு எந்த மருந்து கேட்கும் என்று பெரும்பாலான பேனல்கள் சொல்வதில்லை. வெளிநாட்டில் ஜைர்-ஏவின் 91-ஆவது இடத்தை மட்டும் பார்க்கும் டெஸ்ட் இருக்கிறது, அங்கே இன்னும் சீரின் இருந்தால் தைரியமாக சிப்ரோ மாத்திரை ஒன்றைக் கொடுத்து அனுப்பலாம், ஊசி மிச்சம். மூன்றில் இரண்டு பங்கு கிருமி சிப்ரோவுக்கு அடங்குகிற நாட்டில் அது கெட்டிக்காரத்தனம். பத்தில் ஒன்று கூடத் தேறாத நம் ஊரில் அந்த டெஸ்ட் எடுப்பது விடை தெரிந்த பரீட்சைக்கு பீஸ் கட்டுவது. இன்னொன்று, செத்த கிருமியின் டி.என்.ஏவையும் பிசிஆர் பிடிக்கும், அதனால் குணமான ஒரு வாரத்தில் எடுத்துவிட்டு "இன்னும் பாசிட்டிவ்ணா" என்று அலறி வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு வாரமாவது பொறுக்க வேண்டும். சீழ் கண்ணுக்குத் தெரிகிற ஆணுக்கு, சில ரூபாயில் முடிகிற கிராம் ஸ்மியரே நூற்றில் தொண்ணூற்றைந்து பேரிடம் சரியாகச் சொல்லிவிடும்.

வாய் வழியாகக் கொடுக்கும் புது மருந்துகளைப் பற்றியும் தம்பி எங்கேயோ வீடியோ பார்த்திருக்கிறான். சோலிஃப்ளோடசின், ஜெபோடிடசின் என்று இரண்டு. இரண்டும் அதே ஜைரேஸைத்தான் பிடிக்கின்றன, ஆனால் சிப்ரோ பிடிக்கும் விதத்தில் இல்லை, அதனால் 91-ஆவது இடம் மாறிய கிருமியும் தப்ப முடியாது. பெரிய ஆய்வுகளில் நன்றாகவே தேறியிருக்கின்றன. தண்டையார்பேட்டை மெடிக்கலுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம். சீட்டு இல்லாமல் அட்டை அட்டையாக வந்துவிடக் கூடாது என்பதுதான் என் பயம்.

ஆகத் தம்பியிடம் நான் சொன்னது: காலையில் ஒன்றும் போடாமல், முடிந்தால் சிறுநீரை இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு, ஸ்டான்லிக்குப் போ. அங்கே பால்வினை நோய்க்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு வாங்கும்போது உரக்கச் சொல்லக் கூச்சமாக இருந்தால் எழுதிக் காட்டு. ஸ்மியரும் கல்ச்சரும் கேள், ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே மருந்து வாங்கிக்கொள், ஊசி கிடைக்குமா என்று டாக்டரிடமே கேள், கிட்டுதான் என்றால் கிட்டை அங்கேயே விழுங்கு. நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி., சிபிலிஸ் டெஸ்டையும் முடித்துவிடு. அந்தப் பெயரைக் கேட்டதும் முகம் செத்துவிட்டது அவனுக்கு. 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை டாக்டர் சுனிதி சாலமன் குழு கண்டுபிடித்தது இதே சென்னையில்தான், அன்றைக்கு இருந்த பயம் இன்றைக்கும் இந்த ஊரில் மிச்சம் இருக்கிறது. சும்மா ரத்தம் எடுப்பார்கள்டா, இரண்டுக்கும் இப்போது மருந்து இருக்கிறது என்று சொல்லிச் சமாதானம் செய்தேன். ஏழு நாள் உறவு வேண்டாம். கடைசி அறுபது நாளில் யாரோடெல்லாம் இருந்தாயோ அவர்களுக்கும் மருந்து போக வேண்டும்.

"வூட்ல எப்டிணா சொல்றது?" என்றான். அதற்கு என்னிடம் ஜீன் எதுவும் இல்லை. கவுன்சிலர் இருப்பார், அவரிடம் கேள், அவர்களுக்கு இதைச் சொல்லிப் பழக்கம் என்றேன். போனான். ஒரு நாள் கூலி போனது, அது உண்மை. அடுத்த சனிக்கிழமை மனைவியைக் கூட்டிக்கொண்டு போனதாக போனில் சொன்னான், வேறு எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ரிப்போர்ட்டை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். செஃப்ட்ரியாக்ஸோனுக்கு நல்ல அகலமான வட்டம், அசித்ரோவுக்கும் அடங்கியிருந்தது, பென்சிலின் போச்சு, சிப்ரோவுக்கு நேராக ஒரு ஆர், அதாவது கேட்காது, வில்லையின் விளிம்பு வரை கிருமி வளர்ந்திருக்கிறது. அவனைக் கேட்டுக்கொண்டு பெயர், வயசு எல்லாவற்றையும் மறைத்து மெடிக்கல் நண்பனுக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

"சரி மச்சான், சிப்ரோவ நிறுத்திடறேன். அப்ப ஓஃப்ளோக்சசின் தனியா குடுக்கலாமா?"